காகிதத்தில் கேட்ட புபுசி

ஒனோட்டோவா
1962 பிப்ரவரி

தம்பி இயோதெபாவுக்கு,

உனக்கும் மெரேவுக்கும் பிள்ளைகள் மூன்று பேருக்கும் நலமும் அமைதியும் வளமும் உண்டாகட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. குழியில் இறங்கி ஏறும்போது முழங்கால் முனகுகிறது, அவ்வளவுதான்.

குழி என்றதும் உனக்குச் சிரிப்பு வரும். ஆமாம், உன் பபாய்க் கிழங்குக் குழிதான். நீ ஓரோனாவுக்குக் குடியேறப் போன நாளிலிருந்து ஒரு செடியைக்கூட வாட விடவில்லை. கிழங்குக்கு எரு போடுவது ஆம்பளை வேலை என்று மனியபாக் கூடத்தில் சாய்ந்துகொண்டு ஊர்ப் பெரியவர்கள் பேசுகிறார்கள். வந்து செய்கிறவர் ஒருவரும் இல்லை. என் கொழுந்தன் கபூத்தா இருக்கிறானே, அவன் வாய் உனக்குத் தெரியும். "அண்ணி, உங்க வயித்துக்குப் போடறதைவிடக் குழிக்குப் போடறதுதான் அதிகம். கிழங்கு குண்டாகுது, நீங்க ஒல்லியாகறீங்க" என்கிறான்.

அவன் அண்ணன் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாமல் மூன்று வருஷமாகிறது. ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு சலிப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என் பேர் வைத்தாயே, சின்ன ரூதா, அவளைப் பற்றி எழுது. கையேயாவும் தெபானோவும் பையன்கள், அவர்கள் தானாக வளர்ந்துவிடுவார்கள். அவளுக்குத்தான் இந்த ஜாடியில் கள்ளுப்பாகு காய்ச்சி அனுப்பியிருக்கிறேன். நீ விரலை விடாதே.

உன் அக்கா,
ரூதா

ஓரோனா
1962 மே

அக்காவுக்கு,

கடவுள் கிருபையால் எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

பாகு வந்து சேர்ந்த நாளே தீர்ந்தது. என் விரலைப் பற்றி எழுதியிருந்தாய். உன் பேர் கொண்டவள் கையையே விட்டாள், முழங்கைவரை. மெரே அடிக்கப் போனபோது, "அத்தை எனக்குத்தான குடுத்துச்சு, ஒனக்கா குடுத்துச்சு?" என்று கேட்டாள். ஐந்து வயசு. அந்த வாய் தன் பக்கத்திலிருந்து வரவில்லை என்று மெரே சொல்கிறாள்.

அத்தை எங்கே இருக்கிறாள் என்று ஒருநாள் கேட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் என்றேன். மறுநாளிலிருந்து கப்பல் வரும்போதெல்லாம் கரையில் நின்று, "அத்தே! எறங்கு!" என்று கத்துகிறாள். கப்பல்காரர்களுக்கு இப்போது அது வேடிக்கையாகிவிட்டது. "அத்தை தூங்குறா பாப்பா" என்று பதில் சொல்கிறார்கள்.

ராத்திரி எனக்கும் மெரேவுக்கும் நடுவில்தான் படுக்கிறாள். அவளுக்கென்று மெரே பின்னிய பாயைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் விரித்துவிடுவாள்.

அங்கே மழை எப்படி? குழியில் தண்ணீர் நன்றாக ஊறுகிறதா? போன மாதம் மழை பெய்ததா? இங்கே பறவைகள் ஏராளம். தேங்காய் உண்டு.

தம்பி,
இயோதெபா

ஒனோட்டோவா
1962 ஆகஸ்ட்

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிற இடத்தில் இருக்கிறோம். உங்கள் சுகம் கேட்டு வயிறு குளிர்ந்தது.

ஒரு பக்கக் கடிதத்தில் மழையையும் தண்ணீரையும் மூன்று தடவை கேட்டிருக்கிறாய். பசித்தவன் சோற்றைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. இங்கே மழைக்குக் குறைவில்லை. அங்கே என்ன? கிணறு உப்பா? இருந்தால் இருக்கிறது என்று எழுது. நான் வைத்தியம் பண்ணிவிட முடியாது, ஆனாலும் எழுது. "பறவைகள் ஏராளம்" என்று எழுதுகிற ஆள் நீ இல்லை.

சின்ன ரூதா கப்பலைப் பார்த்துக் கத்துவதை நாலு வீட்டில் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு அலுத்துப்போய் இப்போது என்னைக் கண்டால் அவர்களே, "அத்தே, எறங்கு" என்கிறார்கள். அவளுக்கு ஒரு உடுப்பு தைக்கிறேன். சிவப்புத் துணி. அளவு தெரியாததால் பக்கத்து வீட்டுப் பெண்ணை நிற்கவைத்துத் தைக்கிறேன், அது ஆடிக்கொண்டே நிற்கிறது.

சாயங்காலம் ஆம்பளைகள் கள்ளிறக்க மரமேறிப் பாடும்போது கொஞ்ச நேரம் ஊரில் சத்தம் இருக்கும். அவர்கள் இறங்கிவிட்டால் என் வீட்டில் பேச ஆள் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது தம்பி, உன் கடிதத்தை வாய்விட்டுப் படிக்கிறேன், என் குரலையாவது கேட்கலாமே என்று.

அக்கா

ஓரோனா
1962 டிசம்பர்

அக்காவுக்கு,

சுகம். நீ கேட்டதால் எழுதுகிறேன். கிணறுகள் உப்புதான். முதலில் ஒன்று, இப்போது எல்லாமே. பபாய் இங்கே என்றைக்குமே சரியாக வந்ததில்லை, அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. இளநீரைக் குடித்துச் சமாளிக்கிறோம். மரங்களும் காய்ப்பைக் குறைத்துவிட்டன. பிள்ளைகளுக்கு அவ்வப்போது வயிறு சரியில்லை.

அரசாங்க ஆள் வந்து கூட்டம் போட்டார். தீவையே காலி செய்து எல்லோரையும் சாலமன் தீவுகளில் ஓரிடத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். அங்கே மழைக்குப் பஞ்சமில்லையாம். மெரேயின் அப்பா, "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் இங்கே முதல் கப்பலில் வந்து முதல் தென்னங்கன்று நட்டவர்.

உடுப்பை அனுப்பு. அவள் தினமும் கேட்கிறாள்.

இயோதெபா

ஒனோட்டோவா
1963 மார்ச்

தம்பிக்கு,

உனக்குத் தண்ணீரும் பிள்ளைகளுக்கு நல்ல வயிறும் கிடைக்கட்டும். இந்த முறை எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

போதகர் வீட்டு வானொலியிலும் அந்தச் செய்தி வந்தது. கேட்டதிலிருந்து வேலையில் கை ஓடவில்லை. உடுப்பை இந்தக் கப்பலில் அனுப்புகிறேன். இடுப்பில் மடித்துத் தைத்திருக்கிறேன், வளர வளரப் பிரித்துவிடலாம்.

இங்கே வந்துவிடு என்று நான் கேட்கப்போவதில்லை. நான் புபுசி என்று வாயைத் திறந்துவிட்டால், கூடப்பிறந்தவள் கேட்டதை உன்னால் இல்லையென்று சொல்ல முடியாது. மனியபாவில் தலை நிமிர்த்தி உட்காரவும் முடியாது. மெரே தன் ஜனத்தை விட்டு அழுதுகொண்டே கப்பலேறுவாள். அழுதுகொண்டு வந்தவளுக்கு நான் எத்தனை கிழங்கு அவித்துப்போட்டு என்ன? அதனால் கேட்கவில்லை. ஆனால் உன் நிலம் நீ விட்ட இடத்தில் இருக்கிறது. இது கேட்பது ஆகாது, சொல்வதுதான்.

சின்ன ரூதாவுக்கு உடுப்பு சரியாக இருந்ததா என்று உடனே எழுது.

அக்கா

வாகேனா, சாலமன் தீவுகள்
1964 ஜனவரி

அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ரொம்ப நாள் எழுதவில்லை, மன்னித்துக்கொள். கப்பல், சாமான், கூடாரம் என்று போய்விட்டது.

வந்துவிட்டோம். இங்கே மரங்கள் அடர்ந்து, கடல் எந்தப் பக்கம் என்றே சில சமயம் தெரியவில்லை. வெட்ட வெட்ட மரம். மண் கறுப்பு, கையில் ஒட்டுகிறது. மழை கேட்டோம் அல்லவா, நிற்கவே இல்லை. சதுப்பில் முதலை உண்டு. கொசு கடித்துக் காய்ச்சல் வருகிறது, எனக்கும் இரண்டு முறை வந்து போயிற்று. மெரேயின் அப்பா காலையில் எழுந்து கடற்கரையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

கையேயா என் உயரம் வந்துவிட்டான், கோடாரி நன்றாகப் பிடிக்கிறான். தெபானோ பள்ளிக்கூடம் போகிறான்.

உடுப்பு வந்தது. மெரே பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இயோதெபா

ஒனோட்டோவா
1964 மே

தம்பிக்கு,

காய்ச்சல் உன்னை விட்டு ஓடட்டும். மெரேயின் அப்பாவுக்கு என் வணக்கம் சொல்.

இந்தக் கடிதத்தைக் கபூத்தா கையில் கொடுத்தனுப்புகிறேன். சாலமன் பக்கம் போகிற கப்பலில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. போகிற கப்பல் உங்கள் தீவிலும் நிற்கும் என்றான். அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். கேட்கமாட்டேன் என்று எழுதியவள்தான். இப்போது கேட்கிறேன். உன்னை அல்ல.

சின்ன ரூதாவை எனக்குக் கொடு.

என் பேரைச் சுமப்பவள், என் வீட்டில் வளரட்டும். பையன்கள் இரண்டு பேர் உன்னிடம் இருக்கிறார்கள். அங்கே காய்ச்சல், முதலை. இங்கே நல்ல தண்ணீர், உன் கிழங்கு, உன் நிலம். அது நாளைக்கு அவளுடையது. கபூத்தா திரும்பும்போது அவனோடு அனுப்பு. கப்பலில் அவனே சோறூட்டிப் பார்த்துக்கொள்வான். இது புபுசி. தெரிந்துதான் கேட்கிறேன்.

இது செல்லுமா என்று மனியபாவில் பெரிய வழக்கே நடந்தது. கிழவர் தபூவியா, "புபுசின்னா எதிர்ல உக்காந்து மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். காகிதத்துக்கு மூஞ்சி ஏது?" என்றார். கபூத்தா விடவில்லை. "அப்ப அண்ணி வாகேனா வரைக்கும் நீந்திப் போவணுமா?" என்றான். ஒரே சிரிப்பு. கடைசியில், சொந்தக்காரன் கொண்டுபோய் நேராகக் கையில் கொடுத்தால் நேரில் கேட்டதுபோல்தான் என்று முடிவாயிற்று. "தம்பி இல்லைன்னு சொல்லிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளை எல்லோரும் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

போன கடிதத்தில் அவளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. உடுப்பு இறுக்கமா? அத்தைமேல் கோபமா? வந்து என்னிடமே சண்டை போடட்டும். கரையில் நிற்பேன். இந்தத் தடவை இறங்கு என்று கத்துவது நானாக இருக்கும்.

அக்கா

வாகேனா
1964 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீ சுகமாக இரு.

கபூத்தா வந்தான். பார்த்ததில் சந்தோஷம். உன் கடிதம் மட்டும் படகிலிருந்து இறங்கும்போது தண்ணீரில் விழுந்துவிட்டதாம். எடுத்துக் காயவைத்தும் ஒரு எழுத்து படிக்க முடியவில்லை. என்ன எழுதியிருந்தாய்? பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

வெட்டிய நிலத்தில் தென்னை நட்டிருக்கிறோம்.

இயோதெபா

ஒனோட்டோவா
1964 அக்டோபர்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் அனுப்பப்போவதில்லை. எழுதி முடித்ததும் அடுப்பில் வைத்துவிடுவேன். யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

கப்பல் வந்த அன்று வீட்டைச் சுத்தமாகப் பெருக்கி, பபாய் அவித்து, தேங்காய்ப்பால் ஊற்றி வைத்துவிட்டுக் கரைக்குப் போனேன். பாதி ஊர் என் பின்னால் வந்தது. படகிலிருந்து கபூத்தா மட்டும் இறங்கினான். என்னைப் பார்க்காமல் மூட்டையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, கடுதாசி தண்ணில விழுந்துடுச்சு" என்றான். எல்லோரும் அவனைத் திட்டினார்கள். ஒரு காகிதத்தைக்கூடக் கொண்டுசேர்க்கத் துப்பில்லையா என்று தபூவியா கையை ஓங்கினார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்குப் பத்தாகப் பதில் சொல்லியிருப்பான்.

வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டேன். சாப்பிடவில்லை. "கபூத்தா, கடுதாசி எங்க விழுந்துச்சு?" என்றேன். "தண்ணில." "எந்தத் தண்ணில? ஆழமா, முழங்காலளவா?" அவ்வளவுதான், என் முன்னால் குழந்தை மாதிரி அழுதான்.

"அண்ணி, நான் கையிலதான் குடுத்தேன். அவரு படிச்சாரு. படிச்சிட்டு எழுந்து காட்டுக்குள்ள போயிட்டாரு. மெரே அக்காதான் எடுத்துப் படிச்சாங்க. அப்பறம் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'உங்க அண்ணிகிட்ட எப்படிச் சொல்வேன், அவங்க கேக்கறவ ஓரோனாவுலயே இருக்காளே'ன்னாங்க. வயித்துப்போக்கு, அண்ணி. அந்த உப்புத் தண்ணி. மூணே நாள். ஒங்க உடுப்பு அடுத்த கப்பல்ல வந்துச்சாம்."

உடுப்பு போய்ச் சேர்ந்தபோதே அவள் இல்லை. அதற்குப் பிறகும் நான் உடுப்பு இறுக்கமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். நீ படித்திருக்கிறாய்.

தீவைக் காலி செய்த அன்று என்ன நடந்தது என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மெரே கல்லறையை விட்டு எழுந்திருக்கவில்லையாம். கையேயாதான் தூக்கிக்கொண்டு வந்து படகில் ஏற்றினானாம். அவள் அப்பா வெள்ளைக்கல் பொறுக்கி இன்னொரு வரிசை வைத்துவிட்டுக் கடைசிப் படகில் வந்தாராம். இப்போது அந்தத் தீவில் மனுஷர் ஒருவர் இல்லை. கப்பல் நிற்பதுமில்லை.

பாவி, ஏன் எனக்குச் சொல்லவில்லை? ஒன்றரை வருஷம்! செத்தவளுக்காக நான் அழுதிருக்க மாட்டேனா? அழக்கூட என்னை விடவில்லையே. கோபம் கோபமாக வருகிறது. பிறகு உன்னை நினைத்தால் கோபமும் நிற்கவில்லை. உன் மகளை இல்லையென்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதை எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று இருந்திருப்பாய். அக்கா புபுசி என்று கேட்டுவிட்டாள், கொடுக்கவும் ஆள் இல்லை, மறுக்கவும் முடியாது. வேறென்ன செய்வாய்? தண்ணீரில்தான் போடுவாய்.

நான் கேட்டிருக்கவே கூடாது. கேட்டது ஊருக்கெல்லாம் தெரியும். அதை இப்படியே விட்டால் கேட்டதைக் கொடுக்காதவன் என்ற பேர் உனக்கு நிற்கும். அதற்கு ஒரு வழி பண்ணுகிறேன்.

அடுப்பு எரிகிறது.

ஒனோட்டோவா
1964 அக்டோபர்

தம்பிக்கு,

உனக்கும் மெரேவுக்கும் பிள்ளைகளுக்கும் நலமும் அமைதியும் வளமும். நான் சுகம்.

கடிதம் நனைந்துபோனதற்குக் கபூத்தாவைத் திட்டாதே, இங்கே எல்லோரும் போதுமான அளவு திட்டிவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டாய். ஒரு பாய் கேட்டிருந்தேன். மெரே பின்னுகிற மாதிரி இங்கே ஒருத்திக்கும் வராது. மனியபாவிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்: நான் முதலில் கேட்டது கடலோடு போயிற்று, என் தம்பியிடம் இப்போது கேட்பது பாய். கிழவர் தபூவியா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கடல்ல போனது போனதுதான்" என்றார்.

அதனால் இது புபுசி. ஒரு பாய். எப்போது முடியுமோ அப்போது.

உன் பையன்களுக்கு முத்தம். மெரேயைக் கடுமையான வேலை செய்ய விடாதே. அவள் கையை நான் பிடித்துக்கொண்டதாகச் சொல்.

அக்கா

வாகேனா
1965 மார்ச்

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். மெரேயின் அப்பா ஜனவரியில் போய்விட்டார். கடற்கரையிலேயே அடக்கம் செய்தோம்.

கபூத்தாவுக்குப் பொய் வராது என்று அவனை அனுப்பும்போதே எனக்குத் தெரியும். பொய் வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் உனக்குத் தெரியட்டும் என்று விட்டேன். நானே எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன் அக்கா. பேரை எழுதியதும் உன் பேரும் அதுதானே என்று கை நின்றுவிடும்.

நீ பாய் கேட்டதைப் படித்ததும் மெரே ஓலை கீறி உட்கார்ந்தாள். பெரிய பாயாக, பூவேலை வைத்துப் பாதிவரை பின்னினாள். பிறகு அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் திறந்து இதை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "அவங்க கேட்டது இதத்தான்" என்றாள்.

அவளுக்கிருந்த இரண்டு சின்னப் பாய்களில் ஒன்றை அவளோடு மண்ணுக்கு அனுப்பினோம். இது ஓரோனாவிலிருந்து கொண்டுவந்த மற்றொன்று. ஒரு மூலையில் ஓலை பிரிந்திருக்கும், தூக்கம் வரும்வரை அவள் கடித்துக்கொண்டிருக்கும் இடம். அதைச் சரி பண்ண வேண்டாம் என்று மெரே சொல்லச் சொன்னாள்.

நீ கேட்டதைக் கொடுத்துவிட்டேன் அக்கா. இல்லையென்று சொல்லவில்லை.

பாய் சின்னது, உனக்குப் பாதி உடம்புக்குக்கூட வராது. அதற்காகச் சுருட்டி மூலையில் வைத்துவிடாதே. ராத்திரி உன் பாய்க்குப் பக்கத்தில் ஒட்டி விரித்துக்கொள். அவளுக்குத் தனியாகப் படுத்துப் பழக்கமில்லை.

தம்பி,
இயோதெபா